கழற்றியதைக் காட்டு! கூலியைக் கேள்!

“அண்ணே, வண்டி ரெடியா?”

“ரெடிதான் தம்பி. ஆனால்...”

இந்த ‘ஆனால்’ இருக்கிறதே, மூன்றே எழுத்துதான். ஆயின் ஒரு தொழிலாளியின் ஒரு வாரச் சம்பாத்தியத்தை ஒரே மூச்சில் விழுங்கி ஏப்பம் விடும் வல்லமை அதற்கு உண்டு. மோட்டார் பட்டறையின் வாசலில் நின்று அந்தச் சொல்லைக் கேட்டவர்களுக்குத்தான் அதன் கனம் தெரியும்.

“பிரேக் பேடு மட்டும் மாற்றினால் போதும்னு நினைச்சேன். கழற்றிப் பார்த்தால் டிஸ்க்கும் போயிருக்கு. புஷ்ஷும் போயிருக்கு. எல்லாம் புதுசாப் போட்டாச்சு.”

“எவ்வளவு அண்ணே?”

“ஒன்பதாயிரத்து எண்ணூறு. உனக்காகத்தான் குறைச்சுப் போட்டிருக்கேன்.”

கேட்டவர் நமக்குத் தெரிந்த தோழர். சென்னையில் வாடகைக் கார் ஓட்டுபவர். கார் அவருடையது என்று பெயர். கடன்காரருடையது என்பதே உண்மை. மாதம் பிறந்தால் தவணை கட்ட வேண்டும். வண்டி ஒரு நாள் நின்றால் அந்த நாள் அடுப்பிலும் அரைத் தீதான். காலையில் வண்டியை விடும்போது 3,500 ரூபாய் என்றார்கள். மாலையில் 9,800 ஆயிற்று. இடையில் ஒரு வார்த்தை கேட்டவர் இல்லை. ரசீது இல்லை. கழற்றிய பழைய உறுப்பு எங்கே என்று இவரும் கேட்கவில்லை, அவர்களும் காட்டவில்லை. கடன் வாங்கிக் கொடுத்துவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு வந்தார்.

நான்காம் நாள் அதே ‘கிரீச்’ சத்தம்!

ஒரு கல்லின் கதை

வண்டலூர்ப் பக்கம் சவாரி போன இடத்தில் சத்தம் பொறுக்க முடியாமல் போயிற்று. சாலையோரம் தகரக் கூரை போட்ட ஒரு சிறு பட்டறை. பெயர்ப்பலகை கூட இல்லை. வயதான மெக்கானிக் ஒருவர். “கண்ணாடியை இறக்கிட்டு மெதுவா ஓட்டு தம்பி” என்றார். கூடவே நடந்தார். காதைக் கொடுத்துக் கேட்டார். ஜாக்கி வைத்தார். சக்கரத்தைக் கழற்றினார். பிரேக் டிஸ்க்குக்கும் அதன் பின்னால் இருக்கும் மெல்லிய தகட்டுக்கும் நடுவே விரலை விட்டு ஒன்றை எடுத்தார். புளியங்கொட்டை அளவு ஒரு கல்!

அந்தக் கல்தான் டிஸ்க்கை உரசி உரசிக் கத்திக்கொண்டிருந்தது. கல் வெளியே வந்தது, சத்தம் நின்றது. எல்லாம் இருபதே நிமிடம்.

“என்ன தரணும் ஐயா?”

“என்னத்தைத் தரப்போறே? டீக்குக் கொடுத்துட்டுப் போ.”

நம் தோழர் 50 ரூபாய் கொடுத்தார். பெரியவர் வாங்கிக்கொண்டார்.

இந்தச் சேதியை நம்மிடம் சொன்னபோது அவர் முதல் பட்டறைக்காரரைத் திட்டினார். இரண்டாமவரைத் தெய்வம் என்றார். நாம் இரண்டையும் ஒப்பவில்லை. “தோழரே! நோய் தெரியாமல் உறுப்பை மாற்றியவருக்கு 9,800 ரூபாய். நோயைக் கண்டவருக்கு 50 ரூபாய். இந்தக் கணக்கைப் போட்டது யார்? அந்த இருவரா, நாமா?” என்று கேட்டோம்.

அவர் பேசவில்லை. நீங்களும் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள்.

நம் ஊரில் மோட்டார் பட்டறை என்றாலே இரண்டு பேச்சு உண்டு. ‘தெருவோர மெக்கானிக் என்றால் ஏமாற்றுவான்’ என்பது ஒன்று. ‘கண்ணாடி மாளிகை கட்டி, குளிர்ச்சாதனம் போட்டு, காபி கொடுத்து உட்கார வைக்கிறார்களே, அங்கே நாணயம் இருக்கும்’ என்பது மற்றொன்று. இரண்டும் வெளுத்ததெல்லாம் பால் என்ற கணக்கு. நாணயம் கட்டிடத்தில் இல்லை. கறுத்த கையிலும் இல்லை, வெளுத்த சட்டையிலும் இல்லை. வேலைக்கு எப்படிக் கூலி கிடைக்கிறது, செய்த வேலை கண்ணுக்குத் தெரிகிறதா என்ற இரண்டில்தான் இருக்கிறது.

தையற்காரரும் மெக்கானிக்கும்

தையற்காரர் சட்டையைக் கெடுத்தால் கண்ணாடி சொல்லிவிடும். ஓட்டல்காரர் ஊசிப்போன சாம்பாரை ஊற்றினால் நாக்கு சொல்லிவிடும். மோட்டார் வேலையில் அப்படிச் சொல்ல யார் இருக்கிறார்கள்? ஐந்து உறுப்பை மாற்றி வண்டி ஓடினால், எந்த உறுப்பால் ஓடிற்று? ஐந்தும் வேண்டியதா, ஒன்று போதுமா? பணம் கொடுத்த பிறகும் நமக்குத் தெரிவதில்லை. நோயைச் சொல்பவரும் அவரே; மருந்து விற்பவரும் அவரே. தேறிவிட்டதா என்று சான்று தருபவரும் அவரே!

1973ஆம் ஆண்டிலேயே டார்பி, கார்னி என்ற இரண்டு பொருளியல் அறிஞர்கள் பழுதுபார்க்கும் தொழிலை எடுத்துக்காட்டி இதை எழுதினார்கள். வாங்குமுன்பு தெரியும் பொருள் உண்டு, வாங்கிப் பயன்படுத்தினால் தெரியும் பொருள் உண்டு, பயன்படுத்திய பின்பும் தரம் தெரியாத பொருளும் உண்டு. நம்பித்தான் வாங்க வேண்டும் என்றார்கள். அறிஞர் எழுதியதை நம் ஊர் டிரைவர் எழுதாமலே அறிவார்.

ஆகவே இந்தத் தொழில் நம்பிக்கையின்மேல் நிற்கிறது. அந்த நம்பிக்கையை எது காக்கிறது, எது கெடுக்கிறது என்பதே கேள்வி.

கண்ணாடி மாளிகையின் கணக்கு

பெரிய நிறுவனம் என்றால் ஏமாற்றாது என்பவர்களுக்கு ஒரு பழைய வழக்கைச் சொல்கிறோம்.

அமெரிக்காவில் சியர்ஸ் என்றொரு மாபெரும் வணிக நிறுவனம். தலைமுறை தலைமுறையாக அந்நாட்டு மக்கள் நம்பிய பெயர். அதன் மோட்டார் பட்டறைகள் நாடெங்கும் இருந்தன. கலிபோர்னியா மாநிலத்தில் பட்டறைகளைக் கண்காணிக்க அரசுத் துறையே ஒன்று உண்டு. அந்தத் துறையினர் சாதாரண வாடிக்கையாளர் போல் வேடமிட்டு, சிறு பழுது மட்டுமே உள்ள வண்டிகளை அந்தப் பட்டறைகளுக்கு ஓட்டிச் சென்றார்கள். 38 முறை போனார்கள். 34 முறை தேவையில்லாத வேலையைத் தலையில் கட்டினார்கள்! 1992 ஜூனில் அது நாடறிந்த குற்றச்சாட்டாயிற்று.

அங்கே வேலை பார்த்தவர்கள் எல்லோரும் பிறவித் திருடர்களா? இல்லை. விசாரணையில் வெளிவந்தது என்ன? இத்தனை ஷாக் அப்சார்பர், இத்தனை பிரேக் வேலை என்று மேலிடம் இலக்கு விதித்திருந்தது. விற்ற அளவுக்குக் கமிஷன் கொடுத்தது. இலக்கை எட்டாதவனுக்கு வேலை போய்விடுமோ என்ற அச்சம். அப்படியானால் நல்ல உறுப்பும் கெட்ட உறுப்பாகத்தானே தெரியும்? வழக்கு வெடித்த பிறகு அந்த நிறுவனத்தின் தலைவரே முன்வந்து, பட்டறைகளில் வாடிக்கையாளரோடு பேசி வேலை எழுதுபவர்களுக்குக் கமிஷன் கொடுக்கும் முறையை ஒழிப்பதாக அறிவித்தார். குற்றம் கூலி முறையில் இருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

கடல் கடந்த கதை என்று தள்ளிவிட வேண்டாம். இங்கே கம்பெனி சர்வீஸுக்கு வண்டியை விடுகிறோம். கழுத்துப் பட்டை கட்டிய இளைஞர் கையில் கணினிப் பலகையோடு வருகிறார். “சார், என்ஜின் ஃபிளஷ் பண்ணிடலாமா? ஏ.சி. கிளீனிங் போட்டுடலாமா? அடியில கோட்டிங் அடிச்சுடலாமா?” என்று அடுக்குகிறார். வண்டியோடு தந்த கையேட்டைப் பிரித்துப் பாருங்கள். அவற்றில் பல அதில் இருக்கவே இருக்காது. பிறகு ஏன் கேட்கிறார்? அவருக்கும் மாத இலக்கு இருக்கிறது. இத்துறையில் வேலை செய்யும் தோழர்களைக் கேளுங்கள், சொல்வார்கள். அந்த இளைஞர் நம் எதிரியல்லர். அவரும் மாதச் சம்பளத் தொழிலாளி. பொம்மையின்மேல் கோபப்பட்டு என்ன பயன்? கயிறு மேலே இருக்கிறது.

வேப்பமரத்தடி விஞ்ஞானி

இனித் தெருவோரப் பட்டறைக்கு வருவோம்.

அம்பாசிடர் ஓடிய காலம் நினைவிருக்கிறதா? 1958இல் வரத் தொடங்கிய வண்டி, 2014 வரை உற்பத்தியாயிற்று. வேப்பமரத்தடியில் சாக்கை விரித்து, பத்து ஸ்பானரை வைத்துக்கொண்டு அதன் என்ஜினை இறக்கி ஏற்றியவர்கள் நம் மெக்கானிக்குகள். சென்னையிலேயே உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டையும், பம்பாயிலிருந்து வந்த பத்மினியையும் அவர்களே வாழ வைத்தார்கள். அவர்களில் எத்தனை பேர் கல்லூரி கண்டவர்கள்? மண்ணெண்ணெயில் நட்டு போல்ட்டு கழுவும் சிறுவனாகச் சேர்ந்து, ‘அண்ணன்’ திட்டத் திட்டக் கற்று, சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்லும் கை தேர்ந்தவர்கள் அவர்கள்.

புதுப்பேட்டைக்குப் போய்ப் பாருங்கள். பிரித்துப்போட்ட வண்டியின் உறுப்புகள் மலை மலையாகக் குவிந்து கிடக்கும். அதில் தேவையான ஒன்றைப் பொறுக்கி எடுத்து, ‘இது அந்த வண்டிக்குப் பொருந்தும், இது பொருந்தாது’ என்று பார்த்த மாத்திரத்தில் சொல்வார்கள். ஜெனரல் பேட்டர்ஸ் சாலையின் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் உறுப்பின் பெயரைச் சொல்லி முடிக்குமுன் எடுத்து வைப்பார்கள். இந்த அறிவுக்குப் பட்டமில்லை. பட்டமில்லாததால் அறிவு இல்லை என்று ஆகிவிடுமா?

இன்னொன்றையும் எண்ணுங்கள். செவர்லே கார் விற்ற நிறுவனம் 2017ஆம் ஆண்டின் இறுதியோடு இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு நிறுவனம் 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் செய்வதை நிறுத்துவதாக அறிவித்தது. மறைமலை நகர் ஆலையில் 2022இல் உற்பத்தி நின்றது. அங்கே வேலை செய்த ஆயிரக்கணக்கான குடும்பங்களின் கண்ணீரை நாம் அறிவோம். நிறுவனம் நின்றுவிட்டது. விற்ற வண்டிகள் நின்றுவிட்டனவா? இன்றும் ஓடுகின்றன. அவற்றை ஓட வைப்பதில் பெரும் பங்கு யாருடையது? பெயர்ப்பலகை இல்லாத நம் பட்டறைத் தோழருடையது! கம்பெனி போகும்; மெக்கானிக் இருப்பார்.

நல்ல மெக்கானிக்கின் மதிப்பு மழைக்காலத்தில் தெரியும். 2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் சென்னை மறக்குமா? அந்த அச்சத்தால்தான் 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தின்மேல் வரிசை வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். போலீஸ் அபராதத்தைவிட என்ஜின் வேலைக்கு அஞ்சினார்கள்.

அஞ்சியதில் நியாயம் உண்டு. என்ஜினுக்குள் காற்று புகுந்தால் பிஸ்டன் அதை அமுக்கும். தண்ணீர் புகுந்தால்? தண்ணீரை அமுக்க முடியாதே! சாவியைத் திருப்பிய மறுகணம் கனெக்டிங் ராடு வளையும், என்ஜினே போகும். அப்படித் திருப்பியதால் வந்த சேதத்தைச் சாதாரணக் காப்பீட்டில் ஏற்க நிறுவனங்கள் மறுப்பதே வழக்கம். அந்த நேரத்தில் நம் தெரு மெக்கானிக்குக்கு ஒரு போன் போட்டால் அவர் சொல்வது ஒரே வாக்கியம்: “சாவியைத் திருப்பாதீங்க, நான் வரேன்.” அந்த ஒரு வாக்கியம் ஒரு என்ஜினின் விலை பெறும். அதற்கு நாம் கொடுத்த கூலி என்ன? ஒன்றுமில்லை! அறிவுரைக்கா காசு என்று கேட்பவர்கள் அல்லவா நாம்?

ஒளிக்க ஒன்றுமில்லை

பாட்டாளி என்பதால் பட்டறைத் தோழரின் குற்றங்களை நாம் மூடி மறைக்கப் போவதில்லை. உறவுக்கு ஒரு நீதி, ஊருக்கு ஒரு நீதி பேசுவது நமக்குப் பழக்கமில்லை.

டூப்ளிகேட் உறுப்பைப் போட்டுவிட்டு ஒரிஜினல் விலை வாங்குவோர் உண்டு. ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் மெக்கானிக்குக்குக் கமிஷன் கொடுப்பது ஊரறிந்த ரகசியம். நோய் பிடிபடாதபோது ‘போட்டுப் பார்ப்போம்’ என்று ஒவ்வோர் உறுப்பாக மாற்றி, வாடிக்கையாளர் காசில் பாடம் படிப்போரும் உண்டு. ‘நாளைக்கு ரெடி’ என்ற சொல்லுக்குப் பட்டறையில் பொருளே வேறு! போலிப் பிரேக் பேடு வெறும் பண நட்டமன்று; இறக்கத்தில் வண்டி நிற்காமல் போனால் போவது உயிர். கூலிக்காரனின் உயிரும், அவன் வண்டியில் ஏறிய குடும்பத்தின் உயிரும்.

ஆனால் இது ஏன் நடக்கிறது என்று கேட்டோமா?

பட்டறைச் சீட்டைப் பாருங்கள். உறுப்புக்கு 4,000 ரூபாய் என்றால் வாய் பேசாமல் கொடுக்கிறோம். லேபர் 800 என்றால் கொதிக்கிறோம். “அரை மணி நேர வேலைக்கு எண்ணூறா?” என்று பேரம் பேசி ஐந்நூறாக்கிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறோம். இரும்புக்கு விலை உண்டு. அதைப் பொருத்திய கைக்கு விலை இல்லை. நோயைக் கண்டுபிடித்த மூளைக்கோ மதிப்பே இல்லை! உழைப்பே செல்வத்தின் ஊற்று என்று மேடையில் முழங்குகிற நாமே, பட்டறை வாசலில் உழைப்பை வெட்டுகிறோம்.

நேர் வழியில் வராத கூலி வேறு வழியில் வரும். ஓட்டைப் பானையில் ஊற்றிய தண்ணீர் போல அது உறுப்புக்குள் ஒழுகிப் போய் ஒளிந்துகொள்ளும். கல்லை எடுத்தவருக்கு 50 ரூபாய்தான் என்றால், அடுத்த முறை அவருக்கும் டிஸ்க்கை மாற்றத் தோன்றினால் யார் மேல் குற்றம்? சியர்ஸ் முதலாளி கமிஷன் கொடுத்துக் கெடுத்தார். நாம் கூலியை மறுத்துக் கெடுக்கிறோம். இரண்டும் போய்ச் சேரும் இடம் ஒன்றே: தேவையில்லாத உறுப்பு விற்றால்தான் அடுப்பு எரியும் என்ற நிலை.

பூட்டிய பெட்டி

மெக்கானிக்கைக் குறை சொல்லுமுன் அவர் கையில் எதைக் கொடுத்திருக்கிறோம் என்றும் பார்க்க வேண்டும்.

2020 ஏப்ரல் முதல் விற்கும் புது வண்டிகள் எல்லாம் பாரத் ஸ்டேஜ் 6 விதிப்படி வருகின்றன. புகை குறைகிறது, வரவேற்கிறோம். அதனோடு சென்சார்களும் மின்னணுப் பெட்டிகளும் பெருகிவிட்டன. காதால் கேட்டு நோய் சொன்ன காலம் போய், ஸ்கேனர் கருவியைச் செருகிப் படித்தால்தான் பல நோய்கள் தெரிகின்றன. அந்தக் கருவியும், அதைப் படிக்கும் விவரமும், அசல் உறுப்பும் தெருப் பட்டறைக்குக் கிடைக்கின்றனவா?

கிடைக்கவில்லை என்று ஒருவர் 2011இல் இந்தியப் போட்டி ஆணையத்திடம் முறையிட்டார். மூன்று நிறுவனங்கள் மீது தொடங்கிய விசாரணை விரிந்தது. 2014 ஆகஸ்ட் 25 அன்று ஆணையம் தீர்ப்பளித்தது. 14 கார் நிறுவனங்கள் அசல் உறுப்புகளையும், நோயறியும் கருவிகளையும் வெளிச் சந்தைக்குத் தாராளமாக விடாமல் தடுத்தன என்று கண்டு, 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. ‘வெளிப் பட்டறையில் காட்டினால் வாரண்டி போச்சு’ என்று ஒட்டுமொத்தமாக மிரட்டக் கூடாது, வெளியில் செய்த தவறான வேலையால் வந்த பழுதுக்கு மட்டுமே வாரண்டியை மறுக்கலாம் என்றும் சொல்லிற்று.

நிறுவனங்கள் சும்மா இருக்குமா? மேல்முறையீடு சென்றன. 2016 டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் மூன்று நிறுவனங்களின் வழக்கில் குற்றத்தை உறுதி செய்தது, அபராதத்தைக் குறைத்தது. 2022 டிசம்பரில் மத்திய அரசு ‘பழுதுபார்க்கும் உரிமை’ என்ற பெயரில் ஓர் இணையதளம் திறந்தது. மோட்டார் வாகனமும் அதன் பட்டியலில் இருக்கிறது. நல்லதுதான். ஆனால் இணையதளம் ஸ்பானர் பிடிக்காதே! விவரத்தைக் கொடுத்தே தீர வேண்டும் என்ற சட்டக் கட்டாயம் வேண்டும். பூட்டிய பெட்டியைக் கையில் கொடுத்து, சாவியை மடியில் கட்டிக்கொண்டு, ‘இவனுக்குத் திறக்கத் தெரியவில்லை’ என்று ஏளனம் பேசுவது எந்த ஊர் நியாயம்?

சாவி வேண்டும், அதைத் திருப்பக் கற்றுத்தரவும் வேண்டும். ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படிப்பு இரண்டாண்டு. வேலையில் இருக்கும் நாற்பது வயது மெக்கானிக் இரண்டாண்டு பட்டறையைப் பூட்டிவிட்டுப் போக முடியுமா? அவருக்கு மாலை வகுப்பு வேண்டும். ஸ்கேனர் வாங்கக் குறைந்த வட்டிக் கடன் வேண்டும். கேட்டுப் பெற வேண்டியது நம் கடமை.

நாம் செய்யக்கூடியது

சட்டமும் வகுப்பும் வரும்வரை கை கட்டி நிற்க வேண்டுமா? வேண்டாம். வண்டி வைத்திருக்கும் தோழர்களுக்கு ஐந்து சொல்கிறோம்.

ஒன்று: வேலை தொடங்குமுன் செலவுக் கணக்கை எழுதி வாங்குங்கள். துண்டுத் தாள் ஆனாலும் போதும்.

இரண்டு: எழுதியதற்குமேல் ஒரு நட்டு மாற்ற வேண்டுமானாலும் போன் செய்து கேட்டபிறகே மாற்ற வேண்டும் என்று முதலிலேயே சொல்லுங்கள்.

மூன்று: கழற்றிய பழைய உறுப்பையும், புதியது வந்த அட்டைப் பெட்டியையும் கையில் கேளுங்கள். முன்பு சொன்ன கலிபோர்னியாவில் இதற்குச் சட்டமே உண்டு. இங்கே சட்டம் வரும்வரை நம் வாயே சட்டம்.

நான்கு: உறுப்புக்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதிய ரசீது வாங்குங்கள். ‘ரசீது போட்டால் வரி 18 விழுக்காடு சேரும்’ என்பார்கள். ஆண்டு வரவு 20 லட்ச ரூபாயை எட்டாத சிறு பட்டறை ஜி.எஸ்.டி. பதிவே செய்ய வேண்டியதில்லை. ஆகவே அது வரி வாங்கவும் வேண்டாம், ரசீதுக்கு அஞ்சவும் வேண்டாம். செய்த வேலைக்கு ரசீது தர மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக முறை.

ஐந்து: ஏமாற்றப்பட்டால் புலம்பாதீர்கள். 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம் இருக்கிறது. மாவட்டத் தலைநகரில் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்ச ரூபாய் வரை செலுத்திய விவகாரத்துக்கு மனுக் கட்டணம் கிடையாது. இரண்டாண்டுக்குள் போக வேண்டும். ஆனால் கையில் ரசீது இல்லாமல் போனால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். நான்காவதை மறந்தவருக்கு ஐந்தாவது உதவாது.

பட்டறைத் தோழர்களே! உங்களுக்கும் ஒரு சொல். எந்த வேலைக்கு எவ்வளவு கூலி என்று ஒரு பலகை எழுதித் தொங்க விடுங்கள். ‘நோய் கண்டுபிடிக்க இவ்வளவு’ என்று முதல் வரியாக எழுதுங்கள். கூச்சப்படாதீர்கள். டீக்குக் கொடு என்று கேட்காதீர்கள். கூலி கொடு என்று கேளுங்கள். இரப்பது போல் கேட்கும் கூலி ஒருநாளும் வயிற்றுக்குப் போதாது. போதாத கூலி கையைத் தவறான வழிக்கு இழுக்கும். போலி உறுப்பு விற்கும் கடையை நீங்களே ஒதுக்குங்கள். ஒரு பட்டறையின் போலிப் பேடு நூறு பட்டறைகளின் பெயரைக் கெடுக்கிறது.

இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதி நம் படிப்பகங்களில் ஒட்டுங்கள். ஆட்டோ நிறுத்தத்தில் ஒட்டுங்கள். பட்டறைச் சுவரிலேயே ஒட்டுங்கள். நாணயமானவர் அதைக் கிழிக்க மாட்டார்.

எழுதி முடிக்குமுன் நம் டிரைவர் தோழர் செய்ததைச் சொல்லிவிடுகிறோம். நாம் கேட்ட கேள்வி அவரை உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. அடுத்த சவாரியில் அவர் வண்டலூர்ப் பக்கம் போனார். அந்தத் தகரக் கூரையின் முன் வண்டியை நிறுத்தினார். பெரியவரின் கையில் 500 ரூபாயை வைத்தார்.

“எதுக்குப்பா? அன்னைக்கே கொடுத்துட்டியே!”

“அன்னைக்குக் கொடுத்தது டீக்கு ஐயா. இது வேலைக்கு.”

பெரியவர் கொஞ்ச நேரம் அந்தத் தாளையே பார்த்தாராம். பிறகு உள்ளே போய் ஒரு பழைய தகர டப்பாவைத் திறந்து, எதையோ எடுத்து வந்து இவர் உள்ளங்கையில் வைத்தாராம்.

அந்தக் கல்! புளியங்கொட்டை அளவுக் கல்!

“கழற்றினதை வாடிக்கைக்காரன் கையில கொடுக்கணும்பா. அன்னைக்கு நீ அவசரமாப் போயிட்டே. எடுத்து வச்சிருந்தேன்.”

தோழர்களே! நாணயம் எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு அந்தக் கல்லைக் காட்டுங்கள். அது நம் தெருவில் இருக்கிறது. அதற்குரிய கூலியைக் கொடுத்துக் காப்பாற்றுவோமா, பேரம் பேசிக் கொல்வோமா என்பதுதான் கேள்வி.

வண்டிக்காரரே, பழைய உறுப்பைக் கேளும்! பட்டறைக்காரரே, நியாயமான கூலியைக் கேளும்! இருவரும் வாய் திறந்து கேட்கும் நாளில் அந்த ‘ஆனால்’ அடங்கும்.